டோக்கியோவில் ஒலித்த சலங்கை
நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் வாழ்க்கை

1961-ம் ஆண்டு. வசந்த காலம். ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் ஒரு பெரிய கலைவிழா நடந்தது. கிழக்கு நாட்டு இசையும் மேற்கு நாட்டு இசையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்த விழா அது. அந்த மாதம்தான் திறந்து வைத்த புத்தம் புதிய அரங்கத்தில் நிகழ்ச்சிகள் நடந்தன. அமெரிக்காவிலிருந்து நியூயார்க் பில்ஹார்மோனிக் என்ற பேர்பெற்ற வாத்தியக் குழு வந்திருந்தது. சுமார் நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் குழு அது.

இந்தியாவிலிருந்து தமிழ்நாட்டுக் குழு ஒன்று போயிருந்தது. அதில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாட்டு, தாளம், மிருதங்கம் என்று ஒரு சிறு கூட்டம். அவர்களுக்கு முன்னால் ஆட ஒரே ஒரு பெண்மணி.

அந்தப் பெண்மணிக்கு 43 வயது நெருங்கிக் கொண்டிருந்தது. கொஞ்சம் பூசிய உடம்பு. கண்ணைப் பறிக்கும் உடை கிடையாது. பின்னால் அரண்மனைப் படமோ கோபுரப் படமோ தொங்கவில்லை. அவர் மேடைக்கு வந்து நின்றார். சலங்கை ஒலித்தது. மொழி தெரியாத ஜப்பானியரும் வெள்ளைக்காரரும் கண் இமைக்காமல் பார்த்தார்கள்.

அவர்தான் பாலசரஸ்வதி. தமிழ்நாட்டின் பழைய சதிர் ஆட்டத்தை, ஒரு துளியும் மாற்றாமல், உலக விழாக்களின் மேடையில் ஏற்றியவர்.

அந்த மேடைக்கு வந்து சேர அவர் கடந்த பாதை முள் நிறைந்த பாதை. அவருடைய கலையை நாகரிகம் உள்ளவர்கள் பார்க்கக் கூடாது என்று ஊரே சொன்ன காலம் உண்டு. கோயிலில் ஆடுவதைச் சட்டமே தடுத்த காலம் உண்டு. இனி ஆடினால் உயிருக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் அளவுக்கு உடம்பு கெட்ட காலமும் உண்டு.

வடசென்னையின் பாட்டு மண்

வள்ளூர், எண்ணூர், மணலி, திருவொற்றியூர் என்றால் இன்று நம் கண்ணில் படுவது எவை? அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள், எண்ணெய்த் தொட்டிகள், துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் வரிசை. ஆனால் இது பழைய பாட்டு மண். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சில ஆண்டுகள் மணலியில்தான் வாழ்ந்தார். மணலி முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வர் அந்தக் குடும்பத்தை அழைத்து வந்து ஆதரித்தார். தியாகராஜர் திருவொற்றியூருக்கு வந்து, வடிவுடை அம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவரை அழைத்து வந்தவர் அவருடைய சீடர் வீணை குப்பையர்.

அதே கடலோரமாகத் தெற்கே வந்தால் ராயபுரம். அதைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். அங்கே ராமகிருஷ்ணா தெருவில் ஒரு வீடு. வெள்ளிக்கிழமை மாலையானால் அந்த வீட்டில் வீணை ஒலிக்கும். வாசித்தவர் வீணை தனம்மாள். பெரிய வித்வான்கள் எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் தரையில் அமர்ந்து கேட்பார்கள். யாரும் பேசக்கூடாது. தலையாட்டிப் பாராட்டுவதைக் கூட அடக்கமாகச் செய்ய வேண்டும். அவ்வளவு மெல்லிய வாசிப்பு அது.

தீட்சிதரின் சீடர் தம்பியப்பன். தம்பியப்பனின் சீடர் சாத்தனூர் பஞ்சநத ஐயர். அவரிடம் பாடம் கேட்டவர் தனம்மாள். மணலியில் இளமையைக் கழித்த தீட்சிதரின் பாட்டு, மூன்று கை மாறி, சில மைல் தூரத்தில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கு வந்து சேர்ந்தது!

தனம்மாளுக்கு நான்கு பெண்கள். அவர்களில் ஒருவர் ஜயம்மாள். நல்ல பாடகி. ஜயம்மாளின் மகளாக 1918-ம் ஆண்டு மே 13-ந் தேதி சென்னையில் பிறந்தவர் பாலசரஸ்வதி. அந்தக் குடும்பத்தில் ஆட்டமும் பாட்டும் தலைமுறை தலைமுறையாக வந்த சொத்து. அவர்களுடைய முன்னோரான பாப்பம்மாள் தஞ்சாவூர் அரண்மனையில் கலைஞராக இருந்தவர். பாப்பம்மாளிலிருந்து எண்ணினால் பாலா ஏழாவது தலைமுறை.

தெருவில் ஆடிய குழந்தை

பாலா சிறு குழந்தையாக இருந்தபோது, வீட்டு வாசலுக்குப் பிச்சை கேட்டு ஒருவன் வருவானாம். அவன் ஆடிப் பாடித்தான் பிச்சை கேட்பான். குழந்தை வெளியே ஓடிவந்து, அவனைப் பார்த்து அவனைப் போலவே குதித்து ஆடும். முதல் குரு அந்தப் பிச்சைக்காரன்தான் என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் கௌரி அம்மாள் என்ற பெரிய நாட்டியக்காரி இருந்தார். அவருடைய ஆட்டத்தைப் பார்த்தபின் குழந்தைக்கு வேறு நினைப்பே இல்லை. நானும் ஆட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

வீட்டில் எல்லாரும் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது.

கோயிலுக்குப் பொட்டுக் கட்டிய பெண்கள்தான் அந்தக் காலத்தில் சதிர் ஆடினார்கள். தேவதாசிகள் என்று அவர்களுக்குப் பெயர். ஒரு காலத்தில் ராஜாக்கள் அவர்களுக்கு மானியம் கொடுத்தார்கள். பிறகு ராஜாக்கள் போனார்கள், மானியமும் போயிற்று. பல பெண்களின் வாழ்க்கை சீரழிந்தது. அந்த வழக்கத்தை ஒழித்தே தீர வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். சிறு பெண்களின் வாழ்வைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வழக்கத்தோடு சேர்த்து ஆட்டத்தையும் மக்கள் வெறுக்கத் தொடங்கினார்கள். சதிர் என்ற சொல்லே கெட்ட வார்த்தை ஆயிற்று.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பெண் குழந்தையை ஆட வைப்பதா? தாய் ஜயம்மாள் துணிந்தார். ஆடட்டும் என்று முடிவு செய்துவிட்டார். அன்று அந்தத் தாய் பயந்திருந்தால், இந்தக் கதையே இல்லை.

கண்டிப்பான குரு

குருவாக வாய்த்தவர் கந்தப்பா பிள்ளை. தஞ்சை நால்வர் என்று புகழ் பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்களின் வழிவந்தவர். இன்று அரங்கேற்றங்களில் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிக்கிறார்களே, அந்த வரிசையை ஒழுங்கு செய்து கொடுத்தவர்கள் அந்த நால்வர்தான்.

கந்தப்பா பிள்ளை மகா கண்டிப்பானவர். கால் தவறினாலும் விடமாட்டார், தாளம் தவறினாலும் விடமாட்டார். சரியாக வரும் வரையில் அதே அடவைத் திரும்பத் திரும்ப ஆட வேண்டும். விளையாடும் வயதில் பாலா வியர்வை சிந்தினார்.

கால் வேலை குருவிடம். பாட்டு தாயிடம். கேள்வி ஞானம் பாட்டியிடம். ஒரு வீட்டிலேயே ஒரு சர்வகலாசாலை இருந்தது என்று சொன்னால் தப்பில்லை. சின்னம்மாவின் பெண்கள் பிருந்தாவும் முக்தாவும் பாட்டில் பேர் எடுத்தவர்கள். தம்பி ரங்கநாதன் பிறகு மிருதங்க வித்வான் ஆனார். இன்னொரு தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழல் வித்வான் ஆனார்.

1925-ம் ஆண்டு, ஏழு வயதில், காஞ்சிபுரத்தில் ஓர் அம்மன் கோயிலில் அரங்கேற்றம் நடந்தது.

1933-ல் சென்னை மியூசிக் அகாடமி மேடையில் பாலா ஆடினார். அப்போது அவருக்கு 15 வயது. சதிர் ஆட்டத்துக்குப் பரதநாட்டியம் என்ற புதுப் பெயர் நிலைத்துக் கொண்டிருந்த காலம் அது. வழக்கறிஞர் ஈ. கிருஷ்ணய்யர் போன்றவர்கள் இந்தக் கலை அழியக் கூடாது என்று வாதாடிக் கொண்டிருந்தார்கள். உலகம் சுற்றிய நடனக்காரர் உதயசங்கர் சென்னையில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்து வியந்தார். அடுத்த ஆண்டு பாலா கல்கத்தாவுக்குப் போனார். தென்னாட்டுக்கு வெளியே அங்கே அவருடைய ஆட்டம் மேடை ஏறியது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமியும் பாலாவும் இளம் வயதுத் தோழிகள். இரண்டு பேர் வீட்டிலும் கட்டுப்பாடு அதிகம். ஒரு நாள் இருவரும் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்குப் போனார்கள். வெள்ளைக்காரர்கள் தூங்கும்போது போடும் பைஜாமா உடை அணிந்து கொண்டார்கள். வாயில் சிகரெட்டை வைத்துக் கொண்டு படம் எடுத்துக் கொண்டார்கள்! சிகரெட்டைப் பற்ற வைக்கவில்லை. எல்லாம் பாவனைதான். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. இந்தத் தோழிகளைப் பிற்காலத்தில் கடல் கடந்த ஓர் ஊரில் மறுபடியும் சந்திப்போம்.

இருள் சூழ்ந்த ஆண்டுகள்

1938-ல் பாட்டி தனம்மாள் காலமானார். 1941-ல் குரு கந்தப்பா பிள்ளையும் போய்விட்டார். அவருக்கு அப்போது நாற்பதைச் சற்றுத் தாண்டிய வயதுதான். பாலாவுக்கு 23 வயது. ஒரு கை ஒடிந்தது போல ஆயிற்று.

அதோடு நோயும் வந்தது. இதயத்தில் கோளாறு. மூட்டுகளில் வலி. உடம்பு பருத்தது. ஆடுவது உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தது. 1943-ல் மகள் லட்சுமி பிறந்தாள். ஆட்டம் நின்றது.

வெளியே காற்றும் மாறிவிட்டது. ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தை நிறுவி, நல்ல குடும்பத்துப் பெண்களும் ஆடலாம் என்று வழி காட்டினார். அது பெரிய காரியம். ஊர் ஊராகப் பெண்கள் ஆட வந்தார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஆடி வந்த குடும்பங்களுக்கு அந்தப் புதிய மேடையில் இடம் சுருங்கியது. வாழையடி வாழையாக ஆடியவர்கள் ஒதுங்கி நிற்க, நேற்று கற்றவர்கள் விளக்குக்கு முன் நின்றார்கள்.

இன்னொரு வாதமும் எழுந்தது. பழைய பதங்களில் காதல் ரசம் அதிகம், அவற்றை விலக்க வேண்டும் என்றார்கள் சிலர். பதம் என்பது மெதுவான நடையில் அமைந்த பாட்டு. தலைவனைப் பிரிந்த தலைவி தோழியிடம் மனம் திறப்பாள். பாலா அதை விலக்கச் சம்மதிக்கவில்லை. தலைவன் என்பவன் கடவுள், தலைவி என்பது மனித உயிர். அழுக்கு பாட்டில் இல்லை, பார்ப்பவர் மனதில் இருக்கிறது என்பது அவர் கட்சி. ஆழ்வார்களும் நாயன்மார்களும் இதே பாவத்தில்தானே பாடினார்கள்! இந்த வாதத்தில் பாலாவின் பக்கம் வலுவான பக்கம் என்றே தோன்றுகிறது.

1947-ல் சட்டம் வந்தது. பெண்களுக்குப் பொட்டுக் கட்டுவது குற்றம். கோயிலில் அவர்கள் ஆடுவதும் குற்றம்.

இந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைச் சொல்வார்கள். பாலா திருத்தணி முருகன் கோயிலுக்குப் போனாராம். ஆடும் வரம் தனக்குத் திரும்ப வேண்டும் என்று வேண்டிக் கொண்டார். சந்நிதியில் ஒரே ஒரு தடவை ஆட வேண்டும் என்று ஆசை. சட்டம் தடுக்கிறது. கோயிலில் இருந்தவரிடம் கெஞ்சி இடம் பெற்று, கூட்டம் இல்லாத வேளையில், முருகன் ஒருவனே பார்க்க ஆடினார். மேளம் இல்லை, மிருதங்கம் இல்லை. பார்த்துக் கைதட்டவும் யாரும் இல்லை. அதன் பிறகுதான் மறுபடி மேடைக்கு அழைப்பு வந்ததாம்.

மறு பிறவி

ஐம்பதாம் ஆண்டை ஒட்டி பாலா மீண்டும் ஆடத் தொடங்கினார். உடம்பு முன்போல இல்லை. துள்ளல் குறைந்தது. ஆனால் அபிநயம் பழுத்திருந்தது. அபிநயம் என்றால் முகத்தாலும் கையாலும் கதை சொல்வது. கந்தப்பா பிள்ளை இல்லாத குறையைத் தீர்க்க, அவருடைய மகன் கணேசன் நட்டுவாங்கம் செய்ய வந்தார். நட்டுவனார் கையில் தாளம் இருந்தால்தான் ஆடுபவருக்குக் காலில் உயிர் வரும்.

டாக்டர் வே. ராகவன் அப்போது மியூசிக் அகாடமியின் காரியதரிசி. சம்ஸ்கிருதப் பண்டிதர். பாலாவின் கலை அவரோடு முடிந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்டவர் அவர். 1953-ல் அகாடமியில் பாலாவின் பொறுப்பில் ஒரு நாட்டியப் பள்ளி தொடங்கியது. 1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 1957-ல் பத்மபூஷண். பிறகு 1961-ல் டோக்கியோ அழைப்பு.

அதற்கு முன் வெளிநாட்டார் இந்திய நடனத்தைப் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறார்கள். உதயசங்கர் ருஷ்ய நடன அரசி அன்னா பாவ்லோவாவோடு சேர்ந்து 1923-லேயே லண்டனில் ஆடியவர். பிறகு பெரிய குழுவோடு உலகம் சுற்றினார். நிறைய பேர், நிறைய வாத்தியம், வண்ண வண்ண உடை, புதிதாக அமைத்த ஆட்டம். அதுதான் வெளிநாட்டில் எடுபடும் என்று பலரும் நினைத்தார்கள். ஒரே பெண் தனியாக நின்று, தெலுங்குப் பதம் ஒன்றுக்கு நிதானமாக அபிநயம் பிடித்தால் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

பாலா எதையும் மாற்றவில்லை. பாட்டைச் சுருக்கவில்லை. வேகத்தைக் கூட்டவில்லை. சென்னையில் ஆடியதையே டோக்கியோவிலும் ஆடினார். அது பலித்தது.

சின்ன மேளம் கடல் கடந்தது

பழைய நாளில் சதிர்க் குழுவுக்குச் சின்ன மேளம் என்று பெயர். நாதஸ்வரமும் தவிலும் பெரிய மேளம். ஆட்டக் குழு சின்ன மேளம். நட்டுவனார், பாட்டுக்காரர், மத்தளக்காரர், முகவீணைக்காரர், சுருதிக்குத் துத்தி ஊதுபவர் எல்லாரும் ஆடுபவளுக்குப் பின்னால் நின்றபடி, அவள் முன்னே போனால் முன்னே போவார்கள், பின்னே வந்தால் பின்னே வருவார்கள். பின்னால்தான் வாத்தியக்காரர்கள் மேடையின் ஓரத்தில் உட்காரும் வழக்கம் வந்தது. உட்கார்ந்தாலும் நின்றாலும் உறவு ஒன்றுதான். ஆடுபவள் கண்ணசைத்தால் பாடுபவருக்குப் புரிய வேண்டும்.

பாலாவின் குழுவில் அந்த உறவு ரத்த உறவாகவே இருந்தது. 1962-ல் அமெரிக்கா போனபோது தம்பி விஸ்வநாதன் புல்லாங்குழல் வாசித்தார். தம்பி ரங்கநாதன் மிருதங்கம். குருவின் மகன் கணேசன் தாளம். நரசிம்முலு பாட்டு. பாலாவும் ஆடிக் கொண்டே கூடப் பாடுவார். பாடத் தெரியாதவர் அபிநயம் செய்ய முடியாது என்பது அவருடைய உறுதியான எண்ணம்.

ஒரு வரியை எடுத்துக் கொள்வார்கள். பாடகர் அதே வரியைப் பத்துத் தடவை, பதினைந்து தடவை பாடுவார். ஒவ்வொரு தடவையும் பாலா ஒரு புதுக் கருத்தைக் காட்டுவார். நேற்று காட்டியதை இன்று காட்டமாட்டார். அடுத்தது என்ன வரும் என்பது கூட இருக்கும் தம்பிகளுக்கே தெரியாது. அவருடைய முகத்தைப் பார்த்துக் கொண்டே வாசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் என்ற மாநிலம் இருக்கிறது. அங்கே மலைப் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை. அந்தப் பண்ணைக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலைக்கு யாக்கோபின் ஏணி என்று பெயர். பண்ணையில் தலையணை போல ஒரு பாறை. ஆகவே ஊரார் வைத்த பெயர் யாக்கோபின் தலையணை! ராயபுரத்துக் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். ஏணியைக் கனவில் கண்ட யாக்கோபு கல்லைத்தான் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான்.

அந்தப் பண்ணையை டெட் ஷான் என்ற அமெரிக்க நடனக்காரர் வாங்கி, கோடைதோறும் நடன விழா நடத்தினார். பல நாட்டு நடனக்காரர்கள் அங்கே ஆடுவது பெருமை. டெட் ஷானின் மனைவி ரூத் செயிண்ட் டெனிஸ் 1906-லேயே ராதா என்ற பெயரில் ஒரு நடனம் அமைத்து ஆடியவர். அப்போது அவர் இந்தியாவை எட்டிப் பார்த்தது கூட இல்லை. படத்தைப் பார்த்தும், புத்தகத்தைப் படித்தும், கற்பனை செய்தும் ஆடிய கோயில் ஆட்டம் அது. அமெரிக்கர்கள் அதைப் பார்த்து மயங்கினார்கள்.

56 ஆண்டுகள் கழித்து, கோயில் ஆட்டக் குடும்பத்தின் உண்மையான வாரிசு அதே நாட்டின் மேடையில் வந்து நின்றார். டெட் ஷான் தாமே முன்வந்து, இது பெருமைக்குரிய நாள் என்று ரசிகர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தார். பாலா ஆடினார். கண்ணனைத் தாய் கூப்பிடும் ஒரு கன்னடப் பாட்டு அவருடைய கைவந்த பாட்டு. தாயின் கை கூப்பிடுகிறது. கண் கெஞ்சுகிறது. பிறகு பொய்க் கோபம். பிறகு வாய்க்குள் உலகத்தைக் கண்ட திகைப்பு. அங்கே இருந்த அமெரிக்கத் தாய்மார்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. குழந்தையைக் கூப்பிடுவது எல்லா ஊரிலும் ஒன்றுதானே!

எடின்பரோவில் இரு தோழிகள்

அடுத்த ஆண்டு, 1963. பிரிட்டனில் ஸ்காட்லாந்தின் தலைநகர் எடின்பரோ. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, புண்பட்ட ஐரோப்பாவுக்குக் கலையால் ஆறுதல் தர வேண்டும் என்று 1947-ல் அங்கே ஒரு சர்வதேச விழா தொடங்கினார்கள். 1963-ம் ஆண்டு விழாவில் இந்தியக் கலைக்குச் சிறப்பிடம் கொடுத்தார்கள். சிதார் ரவிசங்கர், சரோத் அலி அக்பர் கான் போனார்கள். தமிழ்நாட்டிலிருந்து எம்.எஸ். சுப்புலட்சுமி பாடப் போனார். பாலசரஸ்வதி ஆடப் போனார்.

ஸ்டுடியோவில் திருட்டுத்தனமாகப் படம் எடுத்துக் கொண்ட இரண்டு பெண்களும் ஒரே உலக விழாவில்! ஒருவர் மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகள். மற்றவர் தனம்மாளின் பேத்தி. இரண்டு வீட்டிலும் தாய் வழியாக வந்த வித்தை அது.

மார்த்தா கிரஹாம் என்ற அமெரிக்க நடனக்காரியும், மார்கட் ஃபான்டெய்ன் என்ற ஆங்கில நடன நட்சத்திரமும் பாலாவின் ஆட்டத்தைக் கண்டு மெச்சினார்கள். அமெரிக்கச் சர்வகலாசாலைகள் பாடம் சொல்லித் தர வரும்படி அழைத்தன. வெள்ளைக்காரப் பெண்கள் புடவையை வரிந்து கட்டிக் கொண்டு தட்டடவு பழகினார்கள். சொந்த ஊரில் வகுப்பை நிரப்ப அவ்வளவு பேர் வரவில்லை. இதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

1967-ல் தாய் ஜயம்மாள் மறைந்தார். மகளின் ஆட்டத்துக்கு அத்தனை ஆண்டுகளும் பாடிய குரல் ஓய்ந்தது.

கோபுரத்திலிருந்து கர்ப்பக்கிருகம் வரை

1973-ல் மியூசிக் அகாடமி பாலாவுக்குச் சங்கீத கலாநிதி பட்டம் தந்தது. பாட்டுக்காரர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் தரும் பட்டம் அது. ஆடுபவர் ஒருவருக்குத் தந்தது அதுவே முதல் தடவை. டோக்கியோவும் அமெரிக்காவும் எடின்பரோவும் கொண்டாடிப் பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த மரியாதை!

1975-ல் தமிழ் இசைச் சங்க விழாவில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். ஒரு நாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு, கோபுர வாசல். ஜதிஸ்வரம், அதை அடுத்த மண்டபம். சப்தம் என்ற உருப்படியில் முதன் முதலாகப் பாட்டின் சொல் வருகிறது. அது பெரிய மண்டபம். வர்ணம், சந்நிதிக்கு எதிரில் நிற்கும் இடம். பதம் தொடங்கினால் வெளிச் சத்தமெல்லாம் அடங்கி கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைந்தாயிற்று. தில்லானா, கற்பூர ஆரத்தி. கோயிலில் ஆடக் கூடாது என்று தடுக்கப்பட்டவர், மேடையிலேயே ஒரு கோயிலைக் கட்டிக் காட்டினார்.

வங்கத்துச் சினிமா மேதை சத்யஜித் ராய் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, கல்கத்தாவில் இளம் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்தவர். அந்த நினைவு அவரை விடவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1976-ல், பாலா என்ற பெயரில் ஒரு படம் எடுத்தார். அதில் அவர் கடற்கரையில் நின்று அந்தக் கண்ணன் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறார். காற்று பலமாக வீசுகிறது. புடவைத் தலைப்பு பறக்கிறது. பின்னால் அலைகள். வயது 58. காற்றை அவர் கவனிப்பதாகவே தெரியவில்லை. இளமையில் அவர் ஆடிய ஆட்டத்தை யாரும் படம் பிடித்து வைக்காமல் போனார்களே என்ற ஏக்கம்தான் அதைப் பார்க்கும்போது வருகிறது.

1977-ல் பத்மவிபூஷண் விருது. 1984-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி பாலசரஸ்வதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு 65 வயது.

மகள் லட்சுமி தாயின் வழியிலேயே ஆடினார். அவர் 2001-ல் மறைந்தார். லட்சுமியின் மகன் அனிருத்தா அந்த ஆட்டத்தைக் கற்று மேடையேறினார்.

தம்பிகள் ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் ஆசிரியர்களாக இருந்து, அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மிருதங்கமும் பாட்டும் புல்லாங்குழலும் சொல்லிக் கொடுத்தார்கள். 1976-ல் அந்தச் சர்வகலாசாலையில் நவராத்திரி விழா ஒன்றைத் தொடங்கி வைத்தார்கள். ரங்கநாதன் 1987-ல் காலமானார். விஸ்வநாதன் 2002-ல் காலமானார். இருவரும் போன பிறகும், இலையுதிர் காலம் வந்ததும் அந்த அமெரிக்க ஊரில் நவராத்திரிக் கச்சேரி நின்றுவிடவில்லை.